வெள்ளத்தாய் கொன்ற பூச்சிகள்

1

இந்தக் கதை ஒரு கழிப்பறை வாசலில் பிறந்தது. இதை மறைத்துவிட்டு வேறு நல்ல இடமாகப் பார்த்துத் தொடங்கலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். முடியவில்லை.

நான் போனது மலை அணிலைப் பார்க்க. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே, மலையடிவாரத்தில் ஓர் இயற்கைப் பூங்கா இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (தேடிக்கொண்டு போய்விடாதீர்கள். ஓடையை ஓரிடத்திலிருந்தும் மரப்பாலத்தை இன்னோரிடத்திலிருந்தும் எடுத்து நானே கட்டியது அது.) கிளையில் வாலைத் தொங்கவிட்டுப் படுத்திருக்கும் சாம்பல் நிற அணிலை வைத்து, தனிமையைப் பற்றி ஒரு கதை எழுத நினைத்திருந்தேன். இரண்டு மணி நேரம் அண்ணாந்து பார்த்ததில் கழுத்து வலித்தது. அணில் வரவில்லை. கையில் இருந்த தண்ணீர் பாட்டிலை மட்டும் காலி செய்திருந்தேன்.

கழிப்பறை வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். என் மூக்குக்கண்ணாடியையும் நோட்டுப் புத்தகத்தையும் பார்த்துவிட்டு, "செருப்பக் கழுவிட்டு உள்ள போங்க டீச்சர்" என்றார்.

நான் டீச்சர் இல்லை. ஆனால் மறுபேச்சுப் பேசாமல் செருப்பைக் கழுவினேன்.

உள்ளே போனவள் சற்று நேரம் போன வேலையை மறந்து நின்றேன். ராஜபாளையத்தில், பேண்டேஜ் துணி உலர்த்திய மொட்டைமாடிகளுக்கு நடுவே வளர்ந்தவள் நான். வெள்ளையில் தரம் பிரிக்கத் தெரியும். அந்தக் கழிப்பறை ஆஸ்பத்திரி வெள்ளையாக இருந்தது. ஒரு பொதுக் கழிப்பறைச் சுவரில் யாருடைய பெயரும், யாருடைய இதயமும், எந்த போன் நம்பரும் இல்லாததை அன்றுதான் பார்த்தேன்.

அணிலுக்காக வந்த வாசகர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

மலையிலிருந்து இறங்கிய காற்று எதையோ சொல்ல வந்து சொல்லாமலே— (காற்றுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? அடித்தேன்.)

நம் நாட்டில் ஒரு நாளைக்கு உருவாகும் கழிவுநீரில் எத்தனை பங்கு சுத்திகரிக்கப்படுகிறது என்று என்றாவது நாம்— (இது கலெக்டர் ஆபீசில் கொடுக்கவேண்டிய மனு.)

இந்து அழுதாள். (இந்து யார் என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன். ஆனால் அவள் அழவில்லை. காற்று ஊதும் மோட்டாரை ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டினாள். ஒரு பெண் கஷ்டத்தில் இருக்கிறாள் என்றதும் என் கை ஏன் கண்ணீரைத் தேடிப் போகிறது என்று எனக்கே வெட்கமாக இருந்தது.)

கடைசியில் ஒன்றும் ஓடாமல் தலைப்பை எழுதினேன். தலைப்பிலேயே கொலையாளியைச் சொல்லிவிட்டதால், 'யார் செய்தது' என்று நீங்கள் மண்டையைக் குடைய வேண்டியதில்லை. இனி நீங்கள் கவலைப்பட வேண்டியது ஒன்றே ஒன்றுக்குத்தான்: வெள்ளத்தாய்க்கு வேலை நிலைக்குமா, போகுமா.

3

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அம்மாள்தான் வெள்ளத்தாய். வயது ஐம்பத்தொன்று. மம்சாபுரத்திலிருந்து தினமும் ஒரே பஸ்ஸில் வந்து போகிறார். இதற்கு முன்பு பதினெட்டு வருஷம் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில், துணி வெளுக்கும் பிரிவில் இருந்தார். அந்த வேலைக்கு மெஷின் வந்த பிறகு இங்கே வந்து எட்டு வருஷம் ஆகிறது. இனி எந்தக் கம்பெனியும் தன்னை எடுக்காது என்பது அவருக்குத் தெரியும். அதைவிட முக்கியம், இந்த வேலை அவருக்குப் பிடித்திருக்கிறது. பூங்காவின் பார்வையாளர் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அந்த மாதத்தில் மட்டும் கழிப்பறையைப் பாராட்டிப் பதினேழு பேர் எழுதியிருந்தார்கள். அணிலைப் பாராட்டி நாலு பேர்.

கழிப்பறை வெள்ளையாக இருந்தாலும், அதற்குப் பின்னால் இருந்த தொட்டி அப்படி இல்லை. நாளைக்கு ஐம்பது பேர் வந்த காலத்தில் கட்டியது. இப்போது ஞாயிற்றுக்கிழமை என்றால் மதுரையிலிருந்தும் சிவகாசியிலிருந்தும் வேன் வேனாக வருகிறார்கள். தொட்டி நிரம்பி, வண்ணத்துப்பூச்சித் தோட்டத்தின் பின்பக்கமாக ஓடையில் கலந்துகொண்டிருந்தது. எனவே புதிய சுத்திகரிப்பு நிலையம் வந்தது.

பார்வைக்கு அது பச்சைப் பெயிண்ட் அடித்த பெரிய இரும்புப் பெட்டி. உள்ளே இரவும் பகலும் காற்று ஊதிக்கொண்டிருக்கும். அந்தக் காற்றில் மூச்சு விட்டு, அழுக்கைத் தின்று வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான் அங்கே வேலைக்காரர்கள். அவை தின்று தெளிந்த தண்ணீர், கோரை நட்ட படுகையில் கசிந்து மரக்கன்றுகளுக்குப் போகும். பெட்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம். அந்த உயிர்களுக்கு, ஏற்கெனவே நன்றாக ஓடும் வேறொரு நிலையத்திலிருந்து சேற்றை மொண்டு வரவேண்டும். விதைச்சேறு என்று பெயர். ராஜபாளையத்தில் ஒரு மில் குடியிருப்பிலிருந்து அது டேங்கரில் வந்து இறங்கியது.

அதை வளர்க்கும் பொறுப்பு இந்துவுடையது. தேவதானத்துப் பெண். இருபத்தைந்து வயது. டிப்ளமோ முடித்து இதுதான் முதல் வேலை. தினமும் காலையில் ஒரு நீளக் கண்ணாடிக் குடுவையில் தொட்டித் தண்ணீரை எடுத்து அரை மணி நேரம் வைத்துப் பார்ப்பாள். பழுப்புச் சேறு அடியில் படிந்து மேலே தெளிந்தால் உயிர்கள் நலம். ஆள் வராத நாட்களில் அவை பட்டினி கிடக்கக்கூடாதே என்று வெல்லம் கரைத்து ஊற்றுவாள்.

இந்த வெல்லத்தைத்தான் வெள்ளத்தாயால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று இந்து விளக்கியபோது நான் பக்கத்தில் இல்லை. இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன்.

"பூச்சியா வளக்க?"

"ஆமாக்கா. கண்ணுக்குத் தெரியாது. நல்ல பூச்சி."

"நாங்க காலம்பூரா பூச்சிய வெரட்டச் சம்பளம் வாங்குதோம். நீ வளக்கதுக்கு வாங்குத. அதுக்கு வெல்லம் வேற. ஏட்டி, எனக்குக் காப்பிக்கு ஒரு கட்டி வச்சிருக்கியா, இல்ல மொத்தமும் அதுகளுக்குத்தானா?"

அன்றிலிருந்து வெள்ளத்தாய் தினமும் காலையில், "ஒம் புள்ளைக எந்திச்சிட்டா?" என்று விசாரித்துவிட்டுத்தான் வாளியைத் தூக்குவார்.

4

இருபது நாள் பிள்ளைகள் நன்றாக வளர்ந்தன. பிறகு செத்துப்போயின.

ஆடிப்பூரத் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்த கூட்டத்தில் ஒரு பகுதி, அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்கும் வந்தது. திங்கட்கிழமை காலையில் குடுவையில் எடுத்த தண்ணீர் படியவே இல்லை. அரை மணி நேரம் போயிற்று, ஒரு மணி நேரம் போயிற்று. சாம்பல் நிறத்தில் கலங்கியபடியே நின்றது. தொட்டிப் பக்கம் அழுகிய முட்டை வாடை.

இங்கே ஒரு வில்லன் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பூங்காவின் மேற்பார்வையாளர் சுயம்புலிங்கத்தை அதற்காகவே உண்டாக்கினேன்.* அவர் இந்துவைக் கூப்பிட்டு, மேசையை ஓங்கி— (அடிக்க வைத்துப் பார்த்தேன். மேசைமேல் கண்ணாடி போட்டிருக்கிறது, அதன் அடியில் அவர் மகளின் பள்ளிக்கூடப் படம் இருக்கிறது. அடிக்க மாட்டேன் என்றுவிட்டார்.) குரலை உயர்த்தாமல், நடக்கப்போவதைச் சொன்னார். வியாழக்கிழமை புதிய விதைச்சேறு வரும். ஒரு மாதத்தில் அது தேறிவிடும். ஆனால் முதல் சேறு எதனால் செத்தது என்று வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். நிலையத்துக்குச் சேதம் செய்தவர் யாராக இருந்தாலும் மறுநாளே வேலையிலிருந்து நிறுத்துவது என்று, நிலையத்தையும் கழிப்பறையையும் பராமரிக்கும் ஒப்பந்தக்காரர் முதலிலேயே சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு அவர் போன் செய்வார்.

"யாருன்னு நான் கேக்கல. என்னன்னு எழுது. போதும்" என்றார். அந்த இரண்டும் வேறுவேறு என்று அவர் நம்பினார். அதனால் அவரை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை.

* நிஜ மேற்பார்வையாளரை நான் பார்க்கவே இல்லை. துண்டு போட்ட அவருடைய நாற்காலியைத்தான் பார்த்தேன். அந்தத் துண்டு ஒழுங்காக மடிக்கப்பட்டிருந்தது. மீதி எல்லாம் அதிலிருந்து நான் பின்னியது.

5

இந்து மோட்டாரைச் சந்தேகப்பட்டாள் (ஸ்பேனர் இங்கேதான் வந்தது). குழாயைச் சந்தேகப்பட்டாள். வெல்லத்தைக்கூடச் சந்தேகப்பட்டு ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை, கழிப்பறைத் தண்ணீர் வந்து விழும் முதல் குழியின் மூடியைத் திறந்தபோது அந்த வாடை வந்தது. ராஜபாளையத்தில் சில தெருக்களின் சாக்கடை ஓரமாக நடந்தவர்களுக்கு அந்த வாடை தெரியும். பிளீச்சிங்.

அவள் நேரே வெள்ளத்தாயிடம் போனாள்.

"யக்கா, ஞாயித்துக்கெழம எம்புட்டு ஊத்துனீய?"

"அஞ்சு லிட்டரு. எப்பவும் அர லிட்டருதான், அன்னைக்குக் கூட்டம் அம்புட்டுல்லா. என் கைக்காசுல வாங்கிட்டு வந்து ஊத்துனேன்."

"செவுத்துல நோட்டீசு ஒட்டியிருக்கோமே. கெமிக்கல் ஊத்தக்கூடாதுன்னு."

"படிச்சேனே. படிச்சிட்டுத்தான ஆசிட நிப்பாட்டுனேன்."

"இதுவும் கெமிக்கல்தான்க்கா."

வெள்ளத்தாய்க்கு அது விளங்கவில்லை. விளங்காமல் இல்லை, ஒப்பவில்லை. "புண்ணுல வச்சுக் கட்டுத துணிய இதுலதான் வெளுத்தோம். பதினெட்டு வருசம். பச்சப்புள்ள தொப்புள்ள வைக்கிற துணி அது. ஆப்பரேசன்ல வயித்துக்குள்ள வைக்கிற துணி. மருந்து மாதிரி. அது எப்படிட்டி வெசமாவும்?"

வேறு எந்த ஊர்க்காரராவது இந்தத் தவறைச் செய்திருக்க முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். பிளீச்சிங்கின் காரமும் நெடியும் எல்லாருக்கும் தெரியும். அதைக் காயத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழகியவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள்.

இந்து மெதுவாக, காயத்தில் எந்தக் கிருமி இருக்கக்கூடாதோ அந்த மாதிரிக் கிருமிதான் தொட்டியில் இருக்கவேண்டும் என்று விளக்கினாள். வெள்ளத்தாய் கேட்டுக்கொண்டார்.

"எல்லாமே செத்துட்டா?"

"எல்லாமே."

"எண்ணிப் பாத்தியா?"

"கோடிக்கணக்குல இருக்கும்க்கா."

வெள்ளத்தாய் பச்சைப் பெட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "தெனமும் வெல்லம் குடிச்சுமா ஒம் புள்ளைகளுக்கு இம்புட்டு நோஞ்சான் ஒடம்பு" என்றார். அது கேலியில்லை என்று இந்து சொன்னாள். குரல் அப்படி இருந்ததாம்.

 இன்னொன்று. பழைய தொட்டி எட்டு வருஷமாக நாறியதற்கும் இதே பிளீச்சிங் காரணமாக இருக்குமா என்று இந்துவைக் கேட்டேன். இருக்கலாம், அவுகட்ட சொல்லிராதீங்க என்றாள். நீங்களும் சொல்லவேண்டாம்.

6

இது கதை இல்லை, கொஞ்சம் என் விஷயம். அவசரம் என்றால் ஏழுக்குப் போய்விடலாம்.

இந்தக் கதையின் முதல் முழு வரைவை ஒன்பது தடவை திருத்தினேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்றைத் துடைத்தேன். வெள்ளத்தாய் வெற்றிலை போட்டிருந்ததைத் துடைத்தேன். அவர் என்னை டீச்சர் என்றதைத் துடைத்தேன். 'அவுக' என்ற சொல்லை 'அவர்' ஆக்கினேன். கடைசியில் ஒரு பிசிறில்லாத, யாரும் குறை சொல்ல முடியாத பத்துப் பக்கம் கிடைத்தது. அதைப் படித்துப் பார்த்தேன். அதில் எதுவுமே உயிரோடு இல்லை.

ஏன் இப்படித் துடைக்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். எனக்குக் கிடைத்த பதில் அவ்வளவு கௌரவமானது அல்ல. யாராவது வந்து பார்ப்பார்கள் என்ற பயம்தான். என் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்கிற நாத்தனாருக்கும் என் வாக்கியத்தைத் திறந்து பார்க்கிற வாசகருக்கும் நான் ஒரே மாதிரித்தான் பயப்படுகிறேன். வெள்ளத்தாய்க்கு அந்தப் பயம் கிடையாது. அவர் சுத்தம் செய்தது வருகிறவர்கள் வெளியே மரத்தடியில் ஒதுங்காமல் உள்ளே வரவேண்டும் என்பதற்காக. "வெள்ளையா இருந்தாத்தான் சனம் பயந்து ஒழுங்கா போகும்" என்று என்னிடம் சொன்னார். ஒரே பிளீச்சிங்தான். அவர் ஊற்றிய காரணம் என்னுடையதைவிட மேலானது.

எனவே இந்த வடிவத்தில் அடித்த வரிகளை அப்படியே விட்டிருக்கிறேன். வாடை வந்தால் மன்னியுங்கள்.

7

வெள்ளிக்கிழமை மறுபடியும் போனேன். இந்தத் தடவை அண்ணாந்து பார்க்கவே இல்லை. நேரே பச்சைப் பெட்டியடிக்குப் போனேன். புதிய விதைச்சேறு வந்து இறங்கியிருந்தது. இந்து ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, மடியில் பதிவேட்டை வைத்திருந்தாள். தேதி, நேரம், காற்று, படிவு என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தின் தலையில் 'காரணம்' என்று இருந்தது. அதன் கீழே பென்சிலால் எழுதி அழித்த தடம்.

"டீச்சர், நீங்க எழுதுதவங்கதான. ஒண்ணு சொல்லுங்க."

இருபது வருஷமாக எழுதுகிறேன். என் எழுத்தால் ஒருவருக்கு இவ்வளவு உடனடியாக உபயோகம் இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை. சந்தோஷமாக உட்கார்ந்தேன்.

மின்தடை காரணமாகக் காற்றோட்டம் நின்று— (அன்று கரண்ட் போகவில்லை. சுயம்புலிங்கம் ஆபீசில் ஃபேன் ஓடியது அவருக்கே தெரியும்.)

எதிர்பாராத கூட்டத்தினால்— (பாதி உண்மை. கூட்டத்தின் அழுக்கைத் தின்று பெருகத்தான் அந்த உயிர்கள். கேள்வி வரும்.)

இயற்கையான காரணங்களால்— (இது நான் சொன்னது. இந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் உடனே வாபஸ் வாங்கினேன்.)

உண்மையை எழுதினால் வெள்ளத்தாய்க்கு வேலை போகும். எழுதாவிட்டால் இந்து கவனக்குறைவாக இருந்தாள் என்று ஆகும். அவள் தன் பெயரைப் போட்டுக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள், பென்சில் அந்தப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது வெள்ளத்தாய் தென்னைநார் பிரஷ்ஷும் வாளியுமாக வந்தார். வெறும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்து முகம் வேர்த்திருந்தது.

"ரெண்டு பேரும் என்னத்த எழுதுதிய?"

இந்துவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். ஒப்பந்தக்காரர் சொன்னதையும் சொன்னாள். வெள்ளத்தாய் வாளியை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் செருகிய முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

(இந்த இடத்தில் அவர் ஒரு வரி யோசித்ததாக எழுதியிருந்தேன். அவர் யோசிக்கவில்லை.)

"எழுது. கக்கூசு ரொம்பச் சுத்தமா இருந்ததுனாலன்னு எழுது. கழுவுனது வெள்ளத்தாய்."

"வேல போயிரும்க்கா."

"போனா எனக்குப் பதிலா ஒருத்தி வருவால்லா. அவளும் எங்கூரு பக்கந்தான் இருப்பா. அவளும் கம்பெனில வெளுத்தவளாத்தான் இருப்பா. காரணம் எழுதலன்னா அவளும் அதத்தான ஊத்துவா. பொறவு இதுகளும் சாவும்." புதுச் சேறு இருந்த தொட்டியைப் பார்த்துத் தாடையை ஆட்டினார். "அஞ்சு லிட்டருன்னு போடு. கொறச்சுப் போடாத."

இந்து பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். அவள் எழுதி முடிக்கும்வரை வெள்ளத்தாய் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். தன் பெயரில் 'ள்' சரியாக இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்தார்.

8

காரணம்: கழிப்பறைகள் மிகவும் சுத்தமாகக் கழுவப்பட்டதால். பிளீச்சிங் 5 லிட்டர். கழுவியவர்: வெள்ளத்தாய்.

சுயம்புலிங்கம் இதை மூன்று தடவை படித்தார். என்ன என்று எழுதச் சொன்னார், யார் என்பதும் கூடவே வந்துவிட்டது. மணி ஐந்து. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மெமோ எழுத ஆரம்பித்தார். மெமோ எழுதுவதில் அவர் கெட்டிக்காரர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். இன்றுவரை ஒரு தாளைக்கூட வீணாக்கியதில்லை.

தாங்கள் கழிப்பறைகளை மிதமிஞ்சிச் சுத்தமாக வைத்திருந்தமைக்குத் தக்க விளக்கம்— (கசக்கினார்.)

இனிவரும் நாட்களில் தாங்கள் சுத்தத்தைக் கணிசமாகக் குறைத்துக்கொள்ளுமாறு— (இதில் கையெழுத்துப் போட்டு, இது எந்த அதிகாரி மேசைக்காவது போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தார். கசக்கினார். பிறகு எடுத்துக் கிழித்தார்.)

ஐம்பத்தொரு வயதுப் பெண்மணி தன் சொந்தச் செலவில்— (இது மெமோ இல்லை, பாராட்டுப் பத்திரம். சுயம்புலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே வியர்வையைத் துடைத்தார்.)

எனக்கு அவர்மேல் பிரியம் வந்துவிட்டது இங்கேதான். தாளும் கசங்கலுமாக உட்கார்ந்திருக்கும் ஆளை எனக்கு நன்றாகத் தெரியும்.

முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன். ஒன்று: அவர் பதிவேட்டின் பக்கத்தைக் கிழித்துவிடுகிறார். பக்கங்களுக்கு எண் போட்டிருக்கிறது, அவர் அப்படிப்பட்டவரும் இல்லை. இரண்டு: எல்லாரும் சிரித்து, சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஐந்தரைக்கு வரும் போனை யார் எடுப்பது? மூன்று: வெள்ளத்தாயை நிறுத்திவிடுகிறார். இதை இரண்டே வரியில் எழுதினேன். எழுதிவிட்டு எழுந்துபோய்த் துவைத்த துணிகளை மடித்தேன், மடித்தவற்றைப் பிரித்து மறுபடி மடித்தேன். திரும்பி வந்து உட்காரப் பிடிக்கவில்லை. அடித்துவிட்டேன்.

பிறகு நடந்தது இவ்வளவுதான். சுயம்புலிங்கம் வெள்ளத்தாயைக் கூப்பிட்டனுப்பினார். அவர் வந்து வாசல்படியில் நின்றார். கை இன்னும் ஈரமாக இருந்ததால் தரையில் சொட்டிவிடாமல் முந்தானையில் சுற்றிக்கொண்டார். சுயம்புலிங்கம் நாலாவது தாளை மேசைமேல் நேராக வைத்து, பேனாவைத் திறந்து, அவரையே கேட்டார்.

"என்னம்மா எழுதட்டும்?"

"அது ஒங்க தாளு சார். என் பங்கத்தான் நான் எழுதிக் குடுத்துட்டேன்லா."

இதைக் கேட்ட பிறகு எனக்கும் வெள்ளத்தாய்க்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்ளத் தோன்றியது. என் பங்கையும் நான் எழுதிவிட்டேன். புதுச் சேற்றுக்குக் காற்று ஊதிக்கொண்டிருக்கிறது. இந்து வெல்லம் கரைக்கிறாள். நாளைக் காலையில் "ஒம் புள்ளைக எந்திச்சிட்டா?" என்று அவளை யாராவது கேட்பார்களா என்பது அந்த நாலாவது தாளில் இருக்கிறது.

சுயம்புலிங்கம் நாற்காலியை விட்டு எழுந்து, அதை உங்கள் பக்கம் தள்ளிப் போட்டிருக்கிறார். உட்காருங்கள். பேனாவில் மை இருக்கிறது. போன் ஒருதரம் அடித்து நின்றுவிட்டது, மறுபடி அடிக்கும். மம்சாபுரம் பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிஷந்தான் இருக்கிறது, அந்த அம்மாளை ரொம்ப நேரம் நிற்க வைக்காதீர்கள்.